ஒட்டுப்போர்வையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

போன மாதம் பக்கத்து புளோக்கில் இருக்கும் தங்கை ஒருவர் வாளியும் கையுமாக வாசலில் வந்து நின்றார். வாளிக்குள் ஈரப் போர்வை. “அக்கா, ஒரே ஒரு தடவைதான் அலசினேன், பாருங்கள்” என்று ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறத்துக்கு வந்திருந்தன. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக நாலு மாதம் உட்கார்ந்து தைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. “தைக்கும்போது எல்லாம் சரியாகத்தானே இருந்தது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அந்தப் போர்வை பிழைத்துவிட்டது, எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒட்டுப்போர்வையில், அதாவது துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையில், கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. ஓரம் நெளிவது கடைசி நாளில் தெரியும், காரணம் பட்டை வெட்டிய அன்றே விழுந்திருக்கும். அதனால் தையல் பிரிக்கும் கத்தியை உடனே எடுக்காதீர்கள். இரண்டு படி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பிரியுங்கள்.

எந்தக் கோளாறைத் திருத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கு நான் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: இந்தப் போர்வை துவைப்பைத் தாங்குமா? மூலை கொஞ்சம் விலகியிருந்தால் பேரப்பிள்ளையும் கண்டுகொள்ள மாட்டான், நாங்கள் போர்வை தைத்துக் கொடுக்கும் தாதிமை இல்லத்து (முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் இல்லம்) பாட்டியும் கண்டுகொள்ள மாட்டார். மூன்றாவது சலவையில் பிரிந்து பஞ்சு வெளியே வந்தால் அது அவர்களுக்குச் சுமை.

சொற்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். துண்டுகளை இணைத்துச் செய்வது மேல்துணி. உள்ளே வைப்பது நடுப்பஞ்சு. கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் போடுவது அடுக்குத்தையல். சுற்றிவர அடைப்பது ஓரப்பட்டை.

துவைத்ததும் சாயம் பரவிவிட்டது

காய வைக்காதீர்கள். இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஈரமாக இருக்கும்வரை, பரவிய சாயம் வெள்ளைத் துணியின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எழுப்பிவிடலாம். காய்ந்து சூடும் பட்டுவிட்டால் எழுப்புவது மிகவும் கஷ்டம்.

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் குளியல் தொட்டி எல்லாம் கிடையாது. துணிமணி வைக்கும் பெரிய நெகிழிப் பெட்டியைக் காலி செய்து குளியலறையில் வையுங்கள். போர்வை முழுவதும் தாராளமாக மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். நெருக்கி அமுக்கினால் கழன்ற சாயம் போக இடமில்லாமல் பக்கத்துத் துணியிலேயே ஏறிக்கொள்ளும். ஹீட்டர் தரும் வெந்நீரோடு கெட்டிலில் கொதித்ததையும் சேர்த்து 60 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டி. போர்வையை மடிக்காமல் இறக்கி, மேலே எழும்பாமல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

காலையில் வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தங்கையின் போர்வை ஊறிய முதல் தண்ணீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் இருந்தது. கொட்டிவிட்டு, புதுசாக வெந்நீர், புதுசாகத் திரவம், இன்னொரு பன்னிரண்டு மணி நேரம். இரண்டாவது தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி. மூன்றாவது தண்ணீரில்தான் கோப்பையின் அடியில் இருந்த நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைக் கட்டங்கள் வெள்ளையாகவே திரும்பிவிட்டன. ஒன்றிரண்டில் மட்டும் மெல்லிய சாயல், சொன்னால்தான் தெரியும். பருத்தியில் இது பெரும்பாலும் பலிக்கும். பட்டு கலந்த போர்வையை இப்படி வெந்நீரில் போடக்கூடாது.

கல் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பாட்டி சொன்னதைத் தட்டிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாயப்பட்டறையில் உப்புக்கு வேலை உண்டு, அது சாயத்தை நூல் பக்கம் தள்ளும். வினிகர் போன்ற புளிப்பு, பட்டுக்கும் கம்பளிக்கும் சாயமேற்றும்போது உதவும். கடையிலிருந்து வந்த பருத்தித் துணியில் ஏற வேண்டிய சாயம் முன்பே ஏறியாகிவிட்டது. வெளியே வருவது ஒட்டாமல் மிஞ்சியது. அதை ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், கழுவி வெளியேற்றுங்கள்.

வெட்டும் முன்னாலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஆழ்ந்த சிவப்பு, அரக்கு, கருநீலம், கறுப்பு, கையால் சாயமிட்ட சுங்குடி, பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமிடும் துணி) ஆகியவற்றைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். மதராஸ் கட்டம் போட்ட துணியையும்தான். சாயம் ஓடுவதையே சிறப்பு என்று சொல்லி ஒரு காலத்தில் அமெரிக்காவில் அதை விற்றார்கள்! இரண்டு விரல் அகலத் துண்டையும் ஒரு வெள்ளைத் துண்டையும் கண்ணாடிக் குவளையில் சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் துணியைத் தனியாகத் துவைத்துக்கொண்டே இருங்கள், நிற்கும்வரை. ஐந்து தடவைக்குப் பிறகும் நிற்காத துணி போர்வைக்கு வேண்டாம், பை தைத்துக்கொள்ளலாம். முதல் சலவையில் சாயம் பிடிக்கும் தாள் இரண்டு மூன்று போடுவது நல்லது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

மூலைகள் சேரவில்லை, வரிசைகளின் நீளம் ஒத்துவரவில்லை

வந்து கேட்பவர்கள் அதிகமாகக் கேட்பது இது. வெட்டியது சரியில்லை என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தையல் விளிம்பு, அதாவது தையலுக்கு வெளியே விடும் துணி.

கணக்கைப் பாருங்கள். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பதை வரிசையாக, கால் அங்குல விளிம்பு விட்டுத் தைத்தால் வரிசை பதினெட்டரை அங்குலம் வர வேண்டும். உங்கள் தையல் கால் அங்குலத்தைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நூல் கனம்தான். தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஒன்பது சதுரத்துக்கு எட்டுத் தையல். முழுசாக ஓர் அங்குலம் காணாமல் போய்விட்டது! பக்கத்து வரிசையில் மூன்றே துண்டுகள் இருந்தால் அங்கே கால் அங்குலம்தான் குறையும். இரண்டையும் சேர்த்து வைத்தால் எப்படி மூலை சேரும்?

பிரிப்பதற்கு முன்னால் மெஷினைச் சோதியுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டிப் பக்கம் பக்கமாகத் தையுங்கள். இஸ்திரி போட்டு அளந்தால் நடுப்பட்டை துல்லியமாக ஓர் அங்குலம், மொத்தம் மூன்றரை. குறைந்தால் விளிம்பு அதிகமாகப் போகிறது. சரியாக வரும் இடத்தை ஊசியிலிருந்து அளந்து, மெஷின் தட்டின்மேல் தடிமனான ஒட்டுத்தாளை நாலைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகும். விலை உயர்ந்த மெஷின் கால் (துணியை அமுக்கிப் பிடிக்கும் பாகம்) எதுவும் வாங்க வேண்டாம்.

விளிம்பு சரி, இன்னும் மூலை விலகுகிறதா? இஸ்திரியைப் பாருங்கள். சட்டைக்குப் போடுவதுபோல இழுத்துப் போட்டால் துண்டு நீண்டு கோணும். வைத்து அழுத்தித் தூக்க வேண்டும், வைத்து அழுத்தித் தூக்க வேண்டும். முதல் வரிசையின் விளிம்புகளை எல்லாம் வலப்பக்கம், அடுத்த வரிசையை இடப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்டினால், இரண்டு தையல் மேடும் ஒன்றோடொன்று முட்டிப் பூட்டிக்கொள்வது தெரியும். சின்னதாக ஒரு ‘டக்’. அதை விரல் பழகிக்கொண்டால் கண்ணே வேண்டாம். அந்த இடத்தில் குண்டூசியைக் குத்தித் தையுங்கள்.

இரண்டு வரிசையில் ஒன்று அரைக்கால் அங்குலம் நீளமாகிவிட்டால் பிரிக்க வேண்டியதில்லை. நீளமான வரிசையை அடியில் வைத்துத் தையுங்கள். மெஷினின் பல் அடியில் இருக்கும் வரிசையைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே இழுக்கும், மிச்சம் அதில் கரைந்துவிடும். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அத்தனை வண்ணமும் இருக்கிறது, பார்த்தால் எதுவும் தெரியவில்லை

வண்ணம் குறைவு என்று நினைத்து இன்னும் இரண்டு நிறம் சேர்ப்பார்கள், இன்னும் மோசமாகும். இங்கே குறைவது வெளிர். தீபாவளித் துணி, பாவாடைத் துணி, பாத்தேக் எல்லாமே நடுத்தரம் அல்லது அடர்த்தி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

துண்டுகளைத் தரையில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் நோய். மருந்து நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. பழைய வெள்ளை வேட்டி. சதுரங்களுக்கு நடுவே ஒன்றரை அங்குல வேட்டிப் பட்டை ஓடவிட்டால் ஒவ்வொரு துண்டும் தனியாக மூச்சுவிடும். என் மாமனாரின் வேட்டி ஒன்று இதுவரை ஆறு போர்வைகளுக்குள் போயிருக்கிறது. கரையை வெட்டி எறியாதீர்கள், ஓரப்பட்டையில் அது அவ்வளவு அழகாக வரும்.

துண்டுகள் மெஷினில் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறியவை

கையால் தையுங்கள். அஞ்சலட்டைத் தாளில் ஒரே அளவில் அறுகோணங்கள் வெட்டி, துண்டைத் தாளின்மேல் மடித்துத் தற்காலிகமாக நீளத் தையல் போட்டு, விளிம்போடு விளிம்பு வைத்துச் சுற்றித் தைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் தாளை உருவிவிடலாம். தாள் அளவைப் பிடித்துக்கொள்வதால் மூலை விலகாது. பெருவிரைவு ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயும் செய்யலாம்.

இந்த வேலைக்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. ஜப்பானியர் ஆட்சியின்போது சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் 1942இல் மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரம், ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் பூத்தையல். இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, மூன்றாவது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். அதே சிறையில் சாரணச் சிறுமிகள் கிடைத்த கிழிசல்களை அறுகோணமாக வெட்டித் தைத்த போர்வை லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரிசிக்கே வழியில்லாத இடத்தில் ஊசியும் நூலும் தேடிப் பிடித்து அந்தப் பிள்ளைகள் தைத்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், என் மேசையில் கிடக்கும் இரண்டு அங்குலத் துண்டைக் குப்பையில் போட மனம் வருவதில்லை.

அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது

அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைத் திட்டாதீர்கள். அடியில் சிக்கினால் தவறு மேல்நூலில். மெஷின் காலைத் தூக்கி வைத்துவிட்டு நூலை முழுசாக எடுத்து மறுபடி கோர்த்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் இறுக்கத் தட்டுகளுக்குள் நூல் போய் உட்காராது. இன்னும் சிக்கினால் ஊசியை மாற்றுங்கள் (துண்டுகளை இணைக்க 80, மூன்றடுக்குக்கு 90), பாபின் பெட்டியைத் திறந்து பஞ்சுத்தூசியைத் தூரிகையால் எடுங்கள். பத்தில் ஒன்பது தடவை இங்கேயே முடிந்துவிடும்.

பட்டுத் துண்டு நழுவுகிறது, ஓரம் நூல் நூலாகப் பிரிகிறது

அம்மாவின் கல்யாணப் பட்டில் போர்வை செய்ய வேண்டும் என்று ஆசையோடு வருவார்கள். செய்யலாம். வெட்டும் முன்பு பின்பக்கம் மெல்லிய ஃப்யூசிங் துணியை இஸ்திரியால் ஒட்டிவிடுங்கள், இஸ்திரிப் பெட்டிக்கும் அதற்கும் நடுவில் வெள்ளைத் துணி போட்டு, குறைந்த சூட்டில். ஒட்டிய பிறகு வெட்டினால் பருத்தி மாதிரி நிற்கும். விளிம்பு கால் அங்குலம் போதாது, அரை அங்குலம் விடுங்கள். ஜரிகை இஸ்திரிச் சூட்டில் சுருங்கும், கறுக்கும், கன்னத்தில் பட்டால் உறுத்தும். அதனால் ஜரிகை இருக்கும் பகுதி சுவரில் தொங்கவிடும் வேலைக்கு. போர்த்திக்கொள்ளும் போர்வையில் அதை வைக்க மாட்டேன்.

பட்டா, செயற்கை நூலா என்று சந்தேகமா? லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்து மேல்மாடித் தையற்கடைகளில் ரவிக்கை வெட்டிய மிச்சம் கேட்டு வாங்கி வருவேன், அந்த மூட்டையில் எல்லாம் கலந்திருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து, இடுக்கியால் நாலு நூலைப் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். அது இஸ்திரிக்கு அடியில் போனாலும் அப்படித்தான் உருகும்.

அடித்துணியில் மடிப்பு விழுந்துவிட்டது

தைக்கும்போது வந்ததாகத் தோன்றும், உண்மையில் அடுக்கிய அன்றே வந்தது. சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளிவிட்டு, தரையில் அடித்துணியை இழுத்து நாலு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். மேளத் தோல்போல இழுக்கக் கூடாது, சுருக்கம் போனால் போதும். மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஆரம்பித்து, உள்ளங்கை வைத்தால் எந்தப் பக்கமும் ஓர் ஊக்கு கையில் தட்டுப்படும் இடைவெளியில் ஊக்குக் குத்துங்கள். தைப்பதும் நடுவிலிருந்துதான். மடிப்பு ஏற்கெனவே விழுந்திருந்தால், சின்னது என்றால் விட்டுவிடுங்கள். கால்விரல் மாட்டும் அளவுக்குப் பெரியது என்றால் அந்த வரியை மட்டும் பிரித்துத் தையுங்கள்.

ஓரம் அலை அலையாக நெளிகிறது

பட்டையை நீளமாக வெட்டிக்கொண்டு விளிம்போடு வைத்துத் தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டினீர்களா? காரணம் அதுதான். விளிம்பு கையாளக் கையாள நீளும், பட்டையும் கூடவே நீளும். போர்வையின் நடுவில் குறுக்கே அளந்து, அந்த அளவுக்கே பட்டையை வெட்டி, இரண்டு முனையையும் நடுவையும் முதலில் ஊசி குத்தி, அப்புறம் தையுங்கள். நெளிந்த போர்வைக்கு வேறு மருந்து இல்லை, பட்டையைப் பிரிக்க வேண்டும். பிரிப்பது ஒரு மாலை வேலைதான், தயங்காதீர்கள்.

தையல் நன்றாக இருக்கிறது, துணியே கிழிகிறது

பழைய துணி. அப்பாவின் சட்டையில் முதுகுப் பக்கம் கெட்டியாகவும் தோள்பட்டை நைந்தும் இருக்கும். வெட்டும் முன்பு ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் இடம் வேண்டாம். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து வெடுக்கென்று இழுங்கள். ‘சர்’ என்று சத்தம் கேட்டால் அந்தத் துணி தன் காலத்தை முடித்துவிட்டது. ஜீன்ஸுக்குப் பக்கத்தில் மெல்லிய வாயில் துணியை வைத்தாலும் இப்படி ஆகும், பாரம் முழுக்க மெல்லியதன்மேல் விழும். கிழிந்த இடத்தின்மேல் ஒரு பூவோ இலையோ வெட்டி ஒட்டுப்போட்டுத் தையுங்கள். என் பேத்தியின் போர்வையில் இப்படி ஏழு இலை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் வைத்திருக்கிறாள்.

அழகாக இருக்கிறது, யாரும் போர்த்திக்கொள்வதில்லை

சூடு. தைப்பதைக் குளிர் நாட்டுப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம், அவர்கள் சொல்லும் தடிமனான பாலியெஸ்டர் பஞ்சை வாங்கிவிடுகிறோம். சிங்கப்பூரில் இரவிலும் புழுக்கம்தான். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. ஏர்கான் போடும் அறைக்கு மெல்லிய பருத்திப் பஞ்சு போதும். மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்குப் பஞ்சே வேண்டாம், உள்ளே பழைய நூல் சேலை வையுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்று, 40க்கு 50 அங்குலப் போர்வை இரண்டுக்கு இரட்டை மடிப்பாக வரும். என் பாட்டி ஊரில் சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத்தான் எங்களுக்கு விரிப்பு தைத்தார். அந்த அறிவு இந்த வெயிலுக்குப் பொருத்தமானது.

மக்கிய வாடை, கரும்புள்ளி, துருக்கறை

இங்கே ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். வாடை வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. சரியாகக் காயாமல் மடித்தது, அல்லது நெகிழிப் பையில் கட்டி வைத்தது.

முதலில் காய வைப்பது. ஈரப் போர்வையை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் கோர்த்து நீட்டாதீர்கள், தயவுசெய்து. தண்ணீர் குடித்த போர்வையின் பாரம் பயங்கரமானது. கழியோடு கீழே விழுந்தால் யார் தலையிலாவது விழும். போர்வைக்கும் கெடுதல், தொங்கும் பாரத்தில் தையல் இழுபடும். சலவை மெஷினில் நன்றாகப் பிழிந்து, வீட்டுக்குள் இரண்டு கொடிகளுக்குக் குறுக்கே போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் துவைக்காமல் இருப்பதே நல்லது. தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் என்று அர்த்தம்.

எடுத்து வைப்பதற்குப் பழைய பருத்தித் தலையணை உறை போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி, மடிப்பு வேறு இடத்தில் வரும்படி மடித்து வையுங்கள்.

பாச்சை உருண்டை வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு உருண்டையில் இருக்கும் நாப்தலின் பட்டால், சுவாசித்தால்கூட, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டை 1965இலிருந்தே சோதிக்கிறார்கள், அந்த அளவுக்கு இது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். உருண்டை வைத்த அலமாரியிலிருந்து எடுத்த சேலையைக் குழந்தைப் போர்வைக்குப் போடாதீர்கள்.

கரும்புள்ளி பூஞ்சை. முகக்கவசம் போட்டுக்கொண்டு உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, ஆக்சிஜன் வகை வெளுப்பான் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வாடை போகும், புள்ளி முழுசாகப் போகாமலும் இருக்கலாம். அந்தப் போர்வை வீட்டிலேயே இருக்கட்டும், நோயாளிகள் இருக்கும் இடத்துக்குக் கொடுக்க வேண்டாம். துருக்கறை, ஊக்கைக் குத்திவிட்டு வாரக்கணக்கில் விட்டதால் வந்தது. குளோரின் வெளுப்பான் அதை இன்னும் கெட்டியாக்கும். வெள்ளைத் துணியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் மங்கும். வண்ணத் துணியில் நிறமும் சேர்ந்து போகும் என்பதால் அங்கே மேலே ஓர் ஒட்டு போட்டுவிடுவேன்.

வரைந்த கோடு போகவில்லை, அல்லது அதற்குள் போய்விட்டது

காற்றில் மறையும் ஊதாப் பேனா இந்த ஈரப்பதத்தில் தைத்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். நீரில் மறையும் நீலப் பேனாவின்மேல் இஸ்திரி பட்டால் பழுப்புக் கறையாக நின்றுவிடும், முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். சூட்டில் மறையும் ஃப்ரிக்ஸன் பேனா இங்கே பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பும் போர்வையில் அதைத் தொடாதீர்கள். பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை குளிரில் கோடு மறுபடி தலைகாட்டத் தொடங்கும். சாதாரணத் தையல் சுண்ணாம்புக் கட்டி போதும்.

இல்லத்தில் வாங்கிக்கொள்ளவில்லை

இது தையலில் வந்த கோளாறு இல்லை, கேட்காமல் தைத்ததால் வந்தது. ஆரம்பத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டில் அளவுக்கு மூன்று போர்வைகள் தைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு தாதிமை இல்லத்துக்குப் போனோம். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அங்கிருந்த தாதி எங்களை உட்காரவைத்து அன்பாக விளக்கினார்: “ஆன்ட்டி, படுக்கைக்கு எங்களிடம் போர்வை இருக்கிறது. சக்கர நாற்காலியில் உட்காருபவர்களுக்குத்தான் முழங்கால் குளிர்கிறது. சக்கரத்தில் மாட்டாத மாதிரி ஒன்று தைத்துத் தருவீர்களா?”

அதிலிருந்து எங்கள் அளவு 36க்கு 42 அங்குலம். பொத்தான் இல்லை, குஞ்சம் இல்லை, நாடா இல்லை, விரல் மாட்டும் எதுவும் இல்லை. அடுக்குத்தையல் மூன்று அங்குலத்துக்கு ஒரு வரி, ஏனென்றால் அங்கே வெந்நீரில் துவைத்துச் சூடான உலர்த்தியில் போடுவார்கள். கொடுக்கும் முன்பு அதே மாதிரி வீட்டில் இரண்டு தடவை வாசனையில்லாத சோப்பில் துவைத்துப் பார்ப்போம். சுருங்குவது, பிரிவது, சாயம் ஓடுவது எல்லாம் எங்கள் கையில் நடந்துவிடட்டும். ஓரப்பட்டையை மெஷினிலேயே இரண்டு வரி அடிப்போம், கைத்தையல் அங்கே நிற்காது.

குழந்தைகளுக்கென்றால் இன்னொன்று. ஒரு வயது முடியாத குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வை எதுவும் இருக்கக்கூடாது, முகத்தை மூடிவிடும். தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடும் விரிப்பாகக் கொடுங்கள், கொடுக்கும்போதே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை) தன் பாஜு கூரோங் உடுப்பு தைத்த மிச்சத்தை எனக்காகவே எடுத்து வைப்பார். மலாயில் ‘காயின் பெர்ச்சா’, அதாவது துண்டுத்துணி, என்று சொல்லித் தருவார். அந்தத் துண்டுகள் வரும் போர்வையில் பின்பக்க மூலையில் சின்ன வெள்ளைத் துணி ஒன்றைத் தைத்து, சலவையில் அழியாத மையால் துவைக்கும் முறையைக் குறிப்பேன். சலவை அறையில் இருப்பவர் எந்த மொழி படிப்பவரோ தெரியாது, அதனால் தொட்டிப் படம் ஒன்று, உலர்த்திப் படம் ஒன்று, பக்கத்தில் 60 என்ற எண்.